இழப்பு: இல்லை

டௌகவ்பில்ஸ் நகரம், பிப்ரவரி, அதிகாலை நாலரை.
பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
இந்த நேரத்தில்தான் கட்டடங்கள் பொய் சொல்லாது
என்பார் டொனாட்ஸ்.
நேற்றைய வெயில் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால்
கணக்கு தப்பிவிடும்.

எங்கள் வேலை எளிது.
தெருவுக்கு எதிர்ப்புறம் நின்று
ஐந்து மாடிக் குடியிருப்பை
வெப்பக் கேமராவால் பார்ப்பது.
சூடு எங்கே ஒழுகுகிறது என்று எழுதுவது.
நகராட்சி அங்கே பஞ்சு வைத்து அடைக்கும்,
அல்லது அடைக்காது.

இந்தத் திரையில் இருட்டு என்று ஒன்று கிடையாது.
குப்பைத் தொட்டிகூட எதையோ
வெளியே விட்டுக்கொண்டுதான் இருக்கிறது.
இப்போது வந்து நின்ற காரின் மூக்கு
பழுத்த பூசணி.
அதன்மேல் ஏறி உட்கார்ந்த பூனை
எழுந்து போன பின்னும்
ஒரு நிமிடம் அங்கே பூனையாகவே கிடந்தது
இடம்.

வானத்துப் பக்கம் திருப்பினேன்.
மைனஸ் நாற்பது என்று காட்டி,
பிறகு எண்ணே இல்லாமல் ஒரு கோடு.
மேகமற்ற இரவு.
திரும்பி வராத விருந்தாளிக்குக் கட்டுச்சோறு கட்டுவதுபோல
பூமி கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தது.

ஜன்னல்களில் யாரும் தெரியமாட்டார்கள்.
கண்ணுக்குத் திறந்துவிடும் கண்ணாடி
வெப்பத்துக்குச் சாத்திக்கொள்ளும்.
கீழ்த்தள ஜன்னலருகே பிடித்தேன்.
தொப்பி போட்ட ஆரஞ்சு நிறப் பிசாசு ஒன்று
என்னைப் படமெடுத்தது.
நான்தான்.
மூக்கு மட்டும் நீலம்.

ரேடியேட்டர் இருக்கும் இடமெல்லாம்
சுவரின் வெளிப்புறத்தில் சிவப்புச் சதுரம்.
அறைக்கென்று காசு கொடுத்து வாங்கியது
தெருவுக்குப் போகிறது.
மூன்றாம் மாடியில் ஒரு சதுரம் வெளிறியிருந்தது.
பிறகு போய்ப் பார்த்தோம்.
ரேடியேட்டருக்குப் பின்னால்
ஒட்டுப்போட்ட சாக்லேட் தாள்கள்,
ஒரு குளிர்காலம் முழுக்கத் தின்றிருப்பார்கள்.

அப்புறம் நாற்பத்தேழு.
முழுக்க நீலம்.
கசிவு இல்லை, விரிசல் இல்லை.
டொனாட்ஸ் விசிலடித்தார்:
"இந்த வீட்டுக்காரனுக்கு மாலை போடணும்!"

ஏழு மணிக்குக் கதவைத் தட்டினோம்.
ஸ்நெஷானா.
டிராம் பெட்டிகளைக் கழுவும் இரவு ஷிப்ட் முடித்து
அப்போதுதான் வந்திருந்தாள்.
கோட்டைக் கழற்றவில்லை.
கழற்றப் போவதில்லை என்பது
பேசும்போது வாயில் புகைந்த மூச்சில் தெரிந்தது.

வால்வை அக்டோபரிலேயே மூடிவிட்டாளாம்.
ரேடியேட்டர் மேல் வெங்காயக் கூடை.
"மேலே போடுகிறார்கள், கீழே போடுகிறார்கள்,
இந்தப் பக்கத்துக்காரரும் போடுகிறார்.
எனக்குப் போதும்."

கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை
புகார் எழுதியிருந்தார், கூரை சில்லிடுகிறதென்று.
அடுத்தவர் அடுப்பில் குளிர்காய்கிறாள் என்று
நானும் எழுதலாம்.
அதற்கொரு படிவம் உண்டு, மஞ்சள் நிறம்.

பேசியபடியே
பக்கத்து வீட்டுச் சுவரில் இரு கைகளையும்
ஊன்றி நின்றாள், பழக்கம்போல.
தேநீர் வைக்க நகர்ந்தபோது
கைகள் அங்கேயே இருந்தன, திரையில்.
விரல் நுனிகள் முதலில் போயின.
உள்ளங்கை போக நேரமானது.

பதினாறு டிகிரிச் சுவர்.
முப்பது டிகிரிக் கை.
இத்தனை நாளும் வாங்குவதாக நினைத்து
அவள்தான்
கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சொல்லலாமா என்று பார்த்தேன்.
தகரக் குவளை விரலைச் சுட்டது.
சொல்லவில்லை.

நாற்பத்தேழுக்கு எதிரே
வெப்ப இழப்பு: இல்லை என்று எழுதினேன்.
அதில் பொய் ஒன்றுமில்லை.
மஞ்சள் படிவம் எங்கே என்று
டொனாட்ஸும் கேட்கவில்லை.

இறங்கும்போது கையுறை மாட்ட மறந்து
படிக்கட்டின் இரும்பைப் பிடித்துவிட்டேன். சுரீர்.
மேலே பதித்த மரச்சட்டத்துக்கும் அதே குளிர்தான்.
இரும்புக்கு
வாங்கிக்கொள்ளும் அவசரம் அதிகம்,
அவ்வளவுதான்.